காக்காய்க் கடி

"இனிமேல் இந்த உடம்புக்குள்ளே ஒரு மிட்டாய் போகாது!" என்று டைலர் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துச் சபதம் செய்தபோது காலை மணி பத்து. அந்தச் சபதம் மத்தியானம் மூன்றே முக்கால் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

சபதத்துக்குக் காரணம் டாக்டரம்மா. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இருபது நாள் தருகிறேன், அடுத்த பரிசோதனையில் இறங்கவில்லையென்றால் தினமும் வயிற்றில் ஊசி என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் டைலர் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். நாற்பது வருஷமாக ஊசியோடு குடும்பம் நடத்துகிறவர்தான். ஆனால் ஊசி துணியில் ஏறவேண்டும், தோலில் ஏறக்கூடாது என்பது அவர் கட்சி.

அவர் மனைவியின் பயம் வேறு. சர்க்கரை முற்றினால் கண்ணையும் விட்டுவைக்காது என்று டாக்டரம்மா பேச்சுவாக்கில் சொன்னது அவள் மனசில் தைத்துவிட்டது. முன்னறையில் மிஷின், பின்னறையில் அடுப்பு. அவருக்குக் கண் தெரிந்தால்தான் அடுப்பு எரியும். காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் ஓரம் மடித்துத் தைப்பதும் அவள் வேலை. துணியில் கத்தரி வைக்கிற கண் மட்டும் அவருடையது. அன்றைக்கே டீயில் சீனியை நிறுத்தினாள். அவர் டம்ளரில் மட்டுமில்லை, தன் டம்ளரிலும்.

மூன்றே முக்காலுக்கு டைலர் ஜிப்பும் நூலும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். நூல்கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டிக்கடை. வாசலில் கண்ணாடி ஜாடி. ஜாடி நிறைய ஆரஞ்சு மிட்டாய். சுளை சுளையாக, மேலே சீனி தூவி, வெயில் பட்டுச் சும்மா தகதகவென்று!

டைலருக்கு வயசு ஐம்பத்தெட்டிலிருந்து எட்டுக்கு இறங்கியது. நடுவில் ஒரு படியில்கூட நிற்கவில்லை.

எட்டு வயசில் அவருக்கும் அவர் அக்காவுக்கும் சேர்த்து ஒரு மிட்டாய்தான் கிடைக்கும். ஒன்றை இரண்டாக்கக் கத்தியா வேண்டும்? சட்டை நுனியில் மிட்டாயைச் சுற்றி, துணியோடு சேர்த்துப் பல்லால் ஒரு கடி. மிட்டாய் பாதியாகும், எச்சிலும் படாது. அதுதான் காக்காய்க் கடி. இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அக்கா நீதி வழங்குவாள். பெரியது தனக்கு என்றே எப்போதும் தீர்ப்பு வரும். கையில் வந்த சின்னப் பாதியைக் கன்னத்தில் ஒதுக்கி, பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை கரைக்காமல் காப்பாற்றிய அந்த ருசி இருக்கிறதே!

"இப்போ வர்ற சாக்லேட்டெல்லாம் வாயில போட்டா வாய்க்கே தெரியறதில்ல" என்று ஜாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எத்தனைங்க வேணும்?" என்றார் கடைக்காரர்.

'ஒண்ணே ஒண்ணு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "இருபது" என்று வந்தது.

திரும்பி நடக்கையில் மனசாட்சி குறுக்கே வந்து நின்றது. டைலர் அதற்கும் அளவெடுத்தார். சபதத்தில் என்ன சொன்னோம்? ஒரு மிட்டாய் போகாது என்றோம். அரை மிட்டாயைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லையே! ஆக, நாளொன்றுக்கு அரை. கை தானாகச் சட்டை நுனிக்குப் போனது. ஐம்பது வருஷம் கழித்தும் பல் வழியை மறக்கவில்லை. டக்!

இனி ஒளித்து வைக்கவேண்டும். அதுதான் பெரிய வேலை. அந்த வீட்டில் மனைவியின் கை படாத இடம் ரொம்பக் குறைச்சல். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு மூன்று வருஷமாக வாங்க வராத கறுப்புக் கோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. அதன் உள்பாக்கெட்டில் கொஞ்சம். நூல் சுற்றும் பழைய பாபின்கள் கிடக்கும் தகர டப்பாவில் கொஞ்சம். மிச்சத்தை வைத்த இடத்தை நினைத்து அவரே தன் முதுகைத் தட்டிக்கொண்டார். துணியில் கோடு போடும் கலர் சாக்பீஸ் பெட்டி! மஞ்சளும் நீலமும் ரோஸும் கிடக்கிற இடத்தில் ஆரஞ்சும் கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஐந்து நாள் ராஜபோகம். மூன்றே முக்கால் ஆனால் அரை. மீதி அரை மறுநாளைக்கு.

ஆறாம் நாள் காலை. டைலர் ஒரு பேன்டுக்கு இடுப்புப் பட்டை வைத்துக்கொண்டிருந்தார். பின்வாசலில் துணி துவைக்கிற சத்தம் திடீரென்று நின்றுபோனது. எட்டிப் பார்த்தார். மனைவி அவருடைய வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்தபடி, கண்ணை மூடி, உதடு மட்டும் அசையப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தாள். 'பாவம், என் சர்க்கரை இறங்கணும்னு கடவுளைக் கேக்கறா' என்று டைலருக்கு நெஞ்சு இளகியது. இளகின நெஞ்சோடு மிஷினை மிதித்தார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டை வந்து உட்கார்ந்தது. துவைக்காத சட்டை.

"இது என்னங்க?"

"சட்டை."

"யாரோடது?"

"என்னோடதுதான். ஏன், தையல் விட்டுப்போச்சா?"

"இந்த நுனியில என்ன?"

டைலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வெள்ளைத் துணியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிறை. பிறையைச் சுற்றி வரிசையாக ஏழெட்டுப் பள்ளம். அவர் மிஷின்கூட அவ்வளவு நேராக அடித்ததில்லை.

"அது சாக்பீஸ் கறை."

"சாக்பீஸைக் கடிச்சீங்களா?"

"ஒரு கையில டேப்பு, ஒரு கையில கத்தரி. சாக்பீஸை வாயிலதானே வெச்சுக்கணும்?"

"சட்டையோட சேர்த்தா?"

டைலர் வாயிலிருந்த கவளத்தை ரொம்ப நேரம் மென்றார். அடுத்த கேள்வி 'மிட்டாய் தின்னீங்களா?' என்றுதான் வரும். அதற்கு ஒன்பது பொய் தயாராக இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்தார். ஆனால் அவள் அதைக் கேட்கவே இல்லை.

"காக்காய்க் கடி எனக்கும் தெரியும்ங்க" என்றாள் மெதுவாக. "தனியா திங்கிறவங்க அப்படியே வாயில போட்டுக்குவாங்க. பங்கு போடறவங்கதான் துணியில சுத்திக் கடிப்பாங்க. பாதி நீங்க. மீதிப் பாதி யாருக்குங்க?"

டைலருக்குப் புரை ஏறியது.

"யாருக்கா? என்னம்மா கேக்கற நீ?"

"தண்ணி குடிங்க. யாருக்குன்னுதான் கேக்கறேன். எதிர்வீட்டு டீச்சர் இந்த வாரத்துல மூணு தடவை வந்துட்டுப் போனாங்க இல்ல?"

"அது ரவிக்கை தைக்க!"

"ஒரு ரவிக்கைக்கு மூணு தடவையாங்க?"

"முதல்ல கை இறுக்கம்னாங்க. அப்புறம் தொளதொளங்குதுன்னாங்க. அப்புறம் பழைய இறுக்கமே தேவலைன்னாங்க. நான் என்ன பண்ண?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. கேட்டேன்."

"ஐயோ, அந்த டீச்சரைப் பாத்தாலே எனக்கு ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோகுது! அவங்களோட போய் மிட்டாயைப் பங்கு போடுவேனா?"

"சரி, டீச்சர் இல்ல. அப்போ வேற யாரு?"

முப்பத்தொரு வருஷக் குடும்பத்தில் டைலர்மேல் ஆயிரம் குற்றம் வந்திருக்கிறது. இப்படி ஒன்று வந்ததில்லை. மானமா, மிட்டாயா? டைலர் மானத்தின் பக்கம் தாவினார்.

"யாருமே இல்ல! ரெண்டு பாதியும் நான்தான் தின்னேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஒத்தை ஆளு எதுக்குங்க காக்காய்க் கடி கடிக்கணும்?"

"இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி. எனக்கும் எனக்கும்தான் பங்கு!"

"நாளைக்கு வரைக்கும் பொறுக்கிற ஆளாங்க நீங்க? போன வருஷம் நம்ம பொண்ணு கொண்டுவந்த கேக்கை, அவ செருப்பைக் கழட்டுறதுக்குள்ள முடிச்சீங்களே."

"நம்ப மாட்டே? இரு, காட்டறேன்!"

கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். கறுப்புக் கோட்டின் உள்ளேயிருந்து பொட்டலம் வெளியே வந்தது.

"பாரு, நேத்துக் கடிச்சதோட மீதி அரை! இங்கேயே இருக்கு! கூட முழுசா ஆறு!"

மனைவி கோட்டை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வருஷமாகத் தூசி தட்டியும் இந்தப் பாக்கெட்டைப் பார்த்ததில்லையே என்கிற பார்வை.

"மொத்தம் எத்தனைங்க வாங்கினீங்க?"

"இருபது."

"இதுல ஆறரைதானே இருக்கு. மிச்சம் யார் வீட்டுக்குப் போச்சு?"

"அட கடவுளே! யார் வீட்டுக்கும் போகல!" பாபின் டப்பா கவிழ்ந்தது. "இந்தா ஆறு!" சாக்பீஸ் பெட்டி திறந்தது. "இந்தா அஞ்சு!"

துணி வெட்டுகிற மேஜையில் மிட்டாய்களை வரிசையாக அடுக்கினார். இன்ச் டேப்பை நீட்டி வரிசையை நேராக்கினார். வக்கீல் மாதிரி இடுப்பில் கை வைத்தார்.

"பதினேழரை இருக்கு. அஞ்சு நாளைக்கு அரை அரையா ரெண்டரை தின்னுட்டேன். ஆக இருபது! ஒரு துணுக்காவது இந்த வீட்டு வாசலைத் தாண்டியிருக்கா? சொல்லு!"

"வேற எங்கயும் இல்லையே?"

"இல்லவே இல்ல! வீட்டைத் தலைகீழாக் கவுத்துப் பாத்துக்கோ!"

"சரியாத்தாங்க இருக்கு" என்றாள். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தாள். மேஜை ஓரத்தில் டப்பாவைப் பிடித்து, ஒரு கையால் வழித்தாள். பதினேழரையும் உள்ளே. மூடி, டப்.

டைலர் இன்னும் வெற்றி முகத்தோடு நின்றார். "இப்போ என்மேல சந்தேகம் தீர்ந்ததா?"

"உங்கமேல எனக்கு எப்பங்க சந்தேகம் வந்துது?"

"அப்போ, டீச்சரு, மூணு தடவை, யாருக்குப் பாதி, அதெல்லாம்?"

"கேள்விதானேங்க கேட்டேன். பொய் சொல்லாம எல்லாத்தையும் வெளியில கொண்டுவர ஒரு வழி காட்டுப்பான்னு காலையில கடவுளை வேண்டிக்கிட்டேன். காட்டினார். தின்னீங்களான்னு கேட்டிருந்தா ஒண்ணைக் குடுத்துட்டு மிச்சத்தை ஒளிச்சிருப்பீங்க."

டைலர் மேஜையைப் பார்த்தார். நாலைந்து சீனித் துகள்கள் மட்டும் மின்னின.

"நேத்து ஊசியில நூல் கோக்கும்போது மூணு தடவை தவறிப்போச்சுங்க உங்களுக்கு" என்றாள் அவள், தாழ்ந்த குரலில். "நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." டைலர் சண்டை போடவில்லை.

அதற்காக, அவள் ஒளித்துவைத்த டப்பாவைத் தேடாமல் இருந்தாரா? அவள் குளிக்கப் போன நேரமெல்லாம் தேடினார். அரிசி டின்னுக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். கீழே விழுந்த ஊசியைப் பொறுக்குகிற காந்தத்தோடு ஒருநாள் பரண்மேல் ஏறினார். பழைய பூட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்ததே தவிர டப்பா அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் காலையும் மாலையும் நடந்தார். கொடுத்த மாத்திரையை விழுங்கினார். கொடுக்காத இனிப்பை நினைத்து எச்சில் விழுங்கினார்.

இருபதாம் நாள் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "பரவாயில்லையே, நல்லா இறங்கியிருக்கு! ஊசி வேண்டாம். எப்படிச் சமாளிச்சீங்க?"

"எல்லாம் மனஉறுதிதான் டாக்டரம்மா" என்று டைலர் நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டுல இனிப்பு ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?"

டைலருக்குள் ஒரு குஷி. மாட்டிக்கொண்டாள்! பொய் சொல்லாத மகராசி இப்போது என்ன சொல்கிறாள் பார்ப்போம்!

"ஒண்ணுகூட இல்லைங்க டாக்டரம்மா" என்றாள் அவள், கண்ணைச் சிமிட்டாமல்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் டைலர் பிடித்துக்கொண்டார். "நீயே பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டியா?"

"பொய் இல்லீங்க. நிஜமாவே இல்ல."

"அப்போ அந்தப் பதினேழரை எங்கே?"

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் நாக்கை நீட்டினாள். நாக்கு அடிவரைக்கும் ஆரஞ்சு.

"கடைசி ஒண்ணு, வரும்போது பஸ்ல" என்றாள் வெட்கத்தோடு. "எங்க வீட்டுல ஒரு மிட்டாய்க்கு நாங்க ஆறு பேருங்க. கடிச்சுக் கடிச்சு எங்கிட்ட வரும்போது துணியில ஒட்டின தூள்தான் இருக்கும். நக்கிக்குவேன். ஒரு மிட்டாயை முழுசா வாயில போட்டுக்கிட்டா எப்படி இருக்கும்னு இந்த ஐம்பத்திநாலு வயசுலதான் தெரிஞ்சுது."

டைலர் வாயைத் திறந்தார். திட்டத்தான் திறந்தார். திட்டு வரவில்லை. ஆரஞ்சு நாக்கோடு சிரிக்கிற மனைவியை என்னவென்று திட்டுவது? கடைசியில் சின்னக் குரலில், "போகட்டும் விடு. முழுசு பதினேழும் உனக்குத்தான். நான் கடிச்சு வெச்ச அந்த அரையையாவது எனக்குன்னு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

"அதைப் பின்வாசல்ல எறும்புக்குப் போட்டேங்க" என்றாள் அவள். "உங்க சட்டை வாசனைக்கு எறும்புகூடத் தொடல."