பின் ஸ்பீக்கருக்குப் பூஜ்யம்

இந்த வருஷம் மாமியாரிடம் நல்ல பேர் வாங்கியே தீருவது என்று சபதம் எடுத்திருந்தேன். தைப்பூசத்தன்று எடுத்த சபதம். என் மைத்துனன் ஸ்ரீதரன் கல்யாணம் வரைக்கும் அதைக் காப்பாற்றியும் விட்டேன். கல்யாணத்தில் அதைக் கெடுத்தது நானல்ல. என் வாய்.

மாமியார் பெயர் தவமணிதேவி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அதனால் 'மாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். நானோ பெக்கோக் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். அவர் மகள் கிருஷ்ணகுமாரியைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை "காளிதாஸ்" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வகுப்பில் பெயர் வாசிக்கிற குரல் அது. எனக்கும் எழுந்து நின்று "இருக்கேன் டீச்சர்" என்று சொல்லத் தோன்றும்.

அப்படிப்பட்டவர் ஸ்ரீதரன் கல்யாணத்தில், ஸ்கூடாய் மண்டபத்து மேடையில் நின்றுகொண்டு, எல்லாரும் கேட்க, "எங்கட மருமகன் எங்க?" என்றார். மருமகன்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மாமி மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்திப் பாட ஆரம்பித்தார். நீளமான வாழ்த்து. நான் கடைசி மேசையில், பக்கத்து வீட்டு ஐயாசாமியோடு பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். ஐயாசாமி நான் எதைச் சொன்னாலும் சிரிப்பான். அந்த மாதிரி ஆள் பக்கத்தில் இருந்தால் வாய் சும்மா இருக்குமா? ஏதோ சொன்னேன். சிரித்தான். மறந்துவிட்டேன்.

மறக்காதது மைக்.

ஸ்ரீதரனுக்குச் சத்தப் பைத்தியம். கெலாங் பாத்தாவில் வாங்கிய புது வீட்டுக்கு சோபா வருவதற்கு முன்பே ஆறு ஸ்பீக்கர் வந்துவிட்டது. தன் கல்யாணத்தையும் அதே மாதிரி, சுற்றிவர மைக் வைத்துப் பதிவு செய்யச் சொல்லியிருந்தான். ஒரு பிரதியைப் பென்டிரைவில் எங்களிடம் கொடுத்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை மாமியிடம் கொடுத்தான். புதுப் பெண்டாட்டியோடு தேனிலவுக்குப் பறந்துவிட்டான்.

புதன்கிழமை குமாரி, மாமியோடு கெலாங் பாத்தா போய் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, காலையில கல்யாண வீடியோவ நம்ம டிவில போட்டுப் பாத்தேன். அம்மா பாட்டு கேக்கவே இல்ல. வாய் மட்டும் அசையுது."

"நல்லதாப் போச்சு..."

"என்னது?"

"நல்லாப் பாக்கிறேன்னு சொல்ல வந்தேன்."

"ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க. இங்கதான் உக்காந்து பாக்கணுமாம். நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, சரி பண்ணிக் குடுங்க."

தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான். முடியாது என்று சொல்ல முடியுமா? மடிக்கணினியைத் திறந்தேன். கோளாறு உடனே பிடிபட்டது. சத்தம் ஆறு தடமாக இருந்தது. முன்னால் இடது, வலது, நடு. பின்னால் இடது, வலது. தவிலின் அதிர்வுக்கென்று தனியாக ஒன்று. எங்கள் டிவிக்கு இரண்டே ஸ்பீக்கர். முன்னால் இருந்த இடது, வலதை மட்டும் பாடவிட்டு மற்றதை விட்டுவிட்டது. மாமி இருந்தது நடுவில்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தடமாகக் கேட்டேன். நடுவில் மாமி, முழுக் குரலில். பின் வலதில் கரண்டிச் சத்தம், யாரோ ரசம் கேட்கிறார்கள். பின் இடதில் நாற்காலி இழுபடுகிறது. அப்புறம் ஒரு குரல், காதுக்குள்ளேயே பேசுகிற மாதிரி:

"டேய் ஐயாசாமி, எங்க எஸ்டேட்ல யானை வந்தா வெடி போட்டு விரட்டுவாங்க. வெடியெல்லாம் எதுக்குடா? எங்க மாமியக் கூட்டிட்டுப் போயி ரெண்டு வரி பாடச் சொன்னாப் போதும். யானை பஹாங் பார்டரத் தாண்டிடும்!"

என் குரல். எங்கள் மேசைக்கு மேலே, தூணில் சுற்றிய பூவுக்குள் மைக் இருந்திருக்கிறது. இப்போதுதான் மருமகன் ஆகியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையோடு மறுபடி காளிதாஸ்.

வேலிப் பக்கம் ஓடி ஐயாசாமியைக் கூப்பிட்டேன்.

"மாட்டிக்கிட்டோம்டா! யானைக் கதை கல்யாண வீடியோவுல விழுந்திருக்கு."

"மாட்டிக்கிட்டோமா? நான் ஒண்ணும் சொல்லலயே. சும்மா சிரிச்சேன் லா."

"உன் சிரிப்பு என் பேச்ச விட கிளியரா விழுந்திருக்கு."

"அலமாக்! வீடியோ கெட்டுப் போச்சுன்னு சொல்லிடு."

"மாமி பாட்டக் கெடுத்தவன்னு அது தனிக் கேஸாயிடும்."

"அப்ப ரெண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கிக் குடுத்துட்டுப் போ. கம்ப்யூட்டர்ல ஒரு வரி கட்டளை அடிச்சா முடிஞ்சிச்சு."

"அதுலதான்டா ஆபத்தே. அந்த வரி பின்னால இருக்கிறதையும் அள்ளிட்டு வந்து முன்னால கொட்டும். மாமி வாயசைப்பாங்க, யானைக் கதை கேக்கும்!"

ஐயாசாமி சிரித்தான். எந்த நேரத்திலும் சிரிப்பவனை நண்பனாக வைத்துக்கொள்ளக் கூடாது.

திரும்பி வந்து, சத்தத்தை மாற்றும் மென்பொருளின் விளக்கத்தை வரி வரியாகப் படித்தேன். பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஒரு சின்னக் கோடு, ஒரு சொல், ஒரு எண். தேடத் தேட, தெய்வம் கண் திறந்தது. நடுவிலிருந்து எவ்வளவு, பின்னாலிருந்து எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்ல வழி இருந்தது. பின்னால் பூஜ்யம் என்றால் யானையும் பூஜ்யம்!

பதற்றத்தில் முதல் தடவை பூஜ்யத்தை நடுவுக்குப் போட்டுவிட்டேன். மாமி காணாமல் போய், யானை மட்டும் இரண்டு காதிலும் பிளிறியது. அந்த நேரம் பார்த்துத் தோளில் ஒரு கை.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஃபேன் ஓடல."

"ஓடுதே. ஹெட்போனக் குடுங்க, நானும் கேக்கிறேன்."

"வேணாம்! சூடா இருக்கு."

"ஹெட்போனா?"

"வேலை முடியற வரைக்கும் சூடாத்தான் இருக்கும்."

குமாரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போடப் போனாள். பாவம், கம்ப்யூட்டர் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன். நடுவுக்கு ஒன்று, பின்னால் பூஜ்யம் என்று மாற்றித் தட்டினேன். மாமி வந்தார். யானை போனது.

ஞாயிற்றுக்கிழமை மாமி பட்டுச்சேலையில் வந்து சோபாவில் அமர்ந்தார். "மருமகன், தொடங்குங்கோ" என்றார். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் இவ்வளவு பாடு. போட்டேன். பாட்டு கணீரென்று கேட்டது. பல்லவி போனது, சரணம் போனது, யானை வர வேண்டிய இடமும் போனது. ஒரு மூச்சு விட்டேன், புதன்கிழமையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு.

பாட்டு முடிந்தது. திரையில் மாமி கைகூப்பினார். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. இருமல்கூட இல்லை. நானூறு பேர் கல்லாக உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

கூட்டம் எங்கே இருந்தது? பின்னால். கைதட்டல் எந்த மைக்கில்? பின்னால்.

"ஏன் ஒருத்தரும் கை தட்டேல்ல?" என்றார் மாமி.

"எல்லாரும் மெய்மறந்து போயிட்டாங்க மாமி. கை எழும்பல."

"புதன்கிழமை நல்லாத் தட்டினவையே."

"புதன்கிழமையா?"

"செடிக்குத் தண்ணி ஊத்தப் போன நேரம், ஸ்ரீதரன் வீட்டு ஸ்பீக்கரில போட்டுக் கேட்டனாங்கள். முழுசாக் கேட்டுது. கைதட்டும் கேட்டுது. யானையும் கேட்டுது."

நான் குமாரியைப் பார்த்தேன். அவள் முறுக்குத் தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்குங்க. சூடா இல்ல."

"அப்ப சரி பண்ணச் சொல்லி எதுக்குடி என்கிட்ட குடுத்த?"

"உண்மையச் சொல்றீங்களா, சத்தமில்லாம அழிக்கிறீங்களான்னு பாக்கத்தான். அழிப்பாருன்னு நான் சொன்னேன்."

"சொல்லுவார் எண்டு நான் சொன்னனான்," என்றார் மாமி.

அதுதான் என்னைச் சுட்டது. நாலு நாளாக இந்த அம்மாள் என் பக்கம் நின்றிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிடுங்க மாமி, வாய்க்கொழுப்பு" என்றேன்.

"யானைப் பகிடி நல்லாத்தான் இருந்தது," என்றார். "கைதட்டை அழிச்சதுதான் பெரிய பிழை."

தண்டனையைக் குமாரி வாசித்தாள். "பெக்கோக் கோயில் திருவிழாவுல அம்மா பாடறாங்க. கமிட்டித் தலைவர் உங்க அண்ணன்தானே, பேசிட்டேன். யானை வருதா போகுதான்னு நேர்லயே பாத்துடலாம். அது வரைக்கும் அம்மா இங்கதான் தங்கிப் பயிற்சி பண்ணுவாங்க."

"நான் என்ன பண்ணணும்?"

"அழிச்ச கைதட்ட நீங்கதான் திருப்பிக் குடுக்கணும்."

இப்போது தினமும் சாயங்காலம் ஹாலின் பின் இடது மூலையில் எனக்கு ஒரு நாற்காலி. பின் வலது மூலையில் ஐயாசாமி, அவன் மனைவியும் குமாரியும் பேசி முடித்த ஏற்பாடு. நடுவில் மாமி. ஒவ்வொரு பாட்டும் முடிய முடிய நாங்கள் தட்டுகிறோம். கை ஓய்ந்து கொஞ்சம் மெதுவாகத் தட்டினால் போதும், சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும்.

"ஏங்க, பின் ஸ்பீக்கர் ஒண்ணு வேலை செய்யலயே!"