மூடியைத் திருகி மூடும் குரங்கு

"இன்னைக்கும் குரங்கு வந்துச்சா?"

"வந்துச்சு," என்றாள் யசோதா, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருச்செல்வம் முறுக்கு டின்னைத் திறந்து பார்த்தார். காலையில் கழுத்துவரை இருந்தது இப்போது அடிமட்டத்தில் கிடந்தது. பட்டர் கேக்கிலும் இரண்டு துண்டு காணவில்லை. வாழைப்பழச் சீப்பு பாதியாகியிருந்தது.

கண்டியில், அதுவும் காட்டோரச் சரிவில் குடியிருந்துகொண்டு, குரங்கு வருகிறதே என்று யாரும் வாயைப் பிளப்பதில்லை. ஆனால் திருச்செல்வம் வீட்டுக் குரங்கு ஒரு தனி ரகம். தின்று முடித்ததும் டின் மூடியை ஒழுங்காகத் திருகி மூடிவிட்டுப் போகும்.

"நீ வெரட்டலையா?"

"பாவம், பசியோட வருது. எப்பிடிங்க வெரட்டுறது? பழகினது வேற."

இவளை நம்பி இனிப் பிரயோசனமில்லை என்று திருச்செல்வம் முடிவு செய்தார். அவருக்கு நவீன சாமான்கள் மீது ஒரு மோகம் உண்டு. ஏற்கெனவே கைதட்டினால் எரியும் பல்பு ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். யசோதா ரொட்டி தட்டும்போதெல்லாம் அது எரிந்து அணைந்து, பக்கத்து வீட்டார் வந்து என்ன ஆபத்து என்று கேட்டதுதான் மிச்சம்.

அடுத்த சம்பளத்தில் ஸ்மார்ட் கேமரா வந்தது. சமையலறைக்குப் பின்னால், பின் கேட்டைப் பார்த்த மாதிரி மாட்டினார். கடையிலிருந்தே ஃபோனில் வீட்டைப் பார்க்கலாம். ஃபோனில் பேசினால் கேமரா வீட்டில் பேசும்.

"நான் வீட்டுல இருக்கையில இது எதுக்குங்க?"

"நீதான் பாவம் பாக்குறியே. இது பாக்காது."

திருச்செல்வம் கண்டி டவுனில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் புடவைக் கடையில் சேல்ஸ்மேன். அங்கே ஒரு நாள் பேராதனையிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் துடித்தது. திரையில், வீட்டுக் கூரையிலிருந்து ஒரு பெரிய கடுவன் குரங்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஃபோனை வாயருகே பிடித்துக் கத்தினார்:

"ஏய்! கைய எடு! பாத்தது போதும், நடையக் கட்டு!"

அந்த அம்மா சேலையிலிருந்து கையை எடுத்தார். பார்த்தது போதுமென்று நடையையும் கட்டினார்.

ஹாஜியார் மேசையை விட்டு எழுந்து வந்தார். பொதுவாகக் குரலை உயர்த்தாத மனிதர்.

"தம்பி, எனத்த இது? கடக்கி வார ஆக்கள வெரட்டவா நான் சம்பளம் தாரேன்?"

"ஹாஜியார், அது குரங்குக்கு..."

"குரங்குண்டு நீங்க சொல்றத அந்தப் பொம்புள கேட்டிருந்தா இன்னம் மோசம். ஃபோனக் கொண்டாங்க."

மேசை லாச்சியை இழுத்து ஃபோனை உள்ளே போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் கொடுத்தால், கடை மூடும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

பார்க்க முடியாத கேமராவால் என்ன பயன்? பதிவானதை வீட்டில் போட்டுப் பார்த்தால், சில நாட்களுக்குப் பதிவே இல்லை. அன்றெல்லாம் கேமரா செத்துக் கிடந்தது.

"கிரைண்டருக்கு ப்ளக் வேணும்ல. கழட்டித்தான் போட்டேன்," என்றாள் யசோதா.

திருச்செல்வம் அசரவில்லை. ப்ளக் தேவைப்படாத பேட்டரி கேமரா ஒன்றை வாங்கி மாட்டினார். அதில் இன்னொரு வசதி. குரலைப் பதிந்து வைத்தால், யாராவது எதிரே அசைந்தவுடன் தானே முழங்கும். யசோதாவிடம் அதைச் சொல்லவில்லை. மறுபடியும் பாவம் பார்க்கச் சொல்வாள். மறுநாள் புதன்கிழமை, ஃபோனை லாச்சிக்குக் கொடுக்கும் முன், சேலைக் கட்டுகளுக்கு நடுவே ஒளிந்து நின்று உணர்ச்சியோடு பதிந்தார்:

"டேய் குரங்கே! வெக்கமா இல்ல உனக்கு? அடுத்தவன் வீட்டுல திங்க வாரியா? இந்தப் படிய மிதிச்சா காலை ஒடிப்பேன்! போ வெளிய!"

பதிந்து முடித்தபோது அவருக்கே ஒரு நிறைவு வந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி இல்லை. யசோதா பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"எங்கண்ணன் வந்துச்சு. நான் முக்குக் கடைக்கு சீனி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வாரதுக்குள்ள உங்க மெஷின் அத வெரட்டி விட்டிருச்சு. நான் கடுகண்ணாவைக்குப் போறேன்."

திருச்செல்வம் அவசரமாக ஃபோனை எடுத்தார்.

யசோதாவின் அண்ணன் மூக்கையா கடுகண்ணாவையில் சின்னதாக ஒரு ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் மச்சானும் மாப்பிள்ளையுமாகப் பல்லேகலவுக்கு மேட்ச் பார்க்கப் போனார்கள். கடைசி ஓவர், கடைசிப் பந்து. தூறல் விழுந்தது. முன் வரிசையில் இருந்த மூக்கையா எழுந்து நின்று குடையை விரித்தார். பந்து சிக்ஸருக்குப் பறக்க, மைதானமே எழும்பிக் கூச்சல் போட்டது. திருச்செல்வத்துக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புத் துணி. "உக்காரு குரங்கே!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து மூக்கையா இந்த வீட்டுக்கு வருவதில்லை.

திருச்செல்வம் கேமரா படத்தை ஓட்டினார். தோளில் பலாப்பழத்தோடு மூக்கையா பின் கேட்டைத் திறந்து வந்தார். "டேய் குரங்கே" என்றதும் துள்ளினார். பலாப்பழத்தைப் போட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

"சமாதானம் பேச வந்திருக்காரு," என்றார் திருச்செல்வம். "முன் பக்கமா வரக் கூச்சம் போல. பின் பக்கமா வந்திருக்காரு, பாவம்!"

யசோதா மூக்கைச் சிந்தினாள்.

உடனே கடுகண்ணாவைக்கு அழைத்தார்.

"மச்சான், அது நான் இல்ல, மெஷின்."

"குரல் உங்களுதுதானே மாப்பிள்ள?"

"குரல் என்னுது. ஆனா நான் அப்ப கடையில."

"அப்ப கடையில இருந்துகிட்டே வெரட்டுவீங்க!"

கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வர ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். யசோதா பையைக் கீழே வைத்தாள். ஆனால் துணிமணியை வெளியே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் எடுப்பாளாம்.

"முதல்ல அந்தக் கேமராவக் கழட்டுங்க."

"கழட்ட மாட்டேன். வெரட்டின வாயாலயே வரவேற்கணும். அப்பதான் அவர் மனசு ஆறும்."

ஞாயிறு காலை கேமராவை முன் விறாந்தைக்கு மாற்றினார். குழைவாகப் புதிய குரல் பதிந்தார். மேசையில் வடை, கேக், வாழைப்பழம், முறுக்கு டின் எல்லாம் பரப்பினார். யசோதா சமையலறையில் பொரித்துக்கொண்டிருந்தாள். இவர் சட்டை மாற்ற உள்ளே போனார்.

"வாங்க மச்சான், வாங்க! உக்காருங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க. கூச்சப்படாம எடுத்துச் சாப்பிடுங்க!" என்று விறாந்தையில் கேமரா குழைந்தது.

"வந்துட்டாரு!" திருச்செல்வம் பொத்தானை மாற்றிப் போட்டார்.

"வாங்க மச்சான், வாங்க!" என்றது மறுபடியும். மறுபடியும். நிற்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

"எத்தன பேரக் கூட்டிட்டு வந்திருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே வெளியே ஓடினார்.

மூக்கையாவுக்கென்று போட்ட கதிரையில் கடுவன் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது. மேசை மேல் குட்டியோடு ஒரு தாய் கேக்கை அளைந்தது. விறாந்தைக் கம்பியெல்லாம் குரங்கு. முறுக்கு டின் கவிழ்ந்து கிடந்தது. அதன் மூடி மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தது. புதிதாக ஒன்று குதிக்கும்போதெல்லாம் கேமரா அதை மச்சான் என்று அழைத்து உட்காரச் சொன்னது.

கேட்டருகே த்ரீவீலிலிருந்து இறங்கி, குடையும் கையுமாக மூக்கையா நின்றிருந்தார்.

"மாப்பிள்ள," என்றார் மெதுவாக, "இவங்க எல்லாரும் எனக்கு முந்தின மச்சான்களா?"

திருச்செல்வத்துக்கு அந்த நிமிடமே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. யசோதா கரண்டியோடு கதவடியில் வந்து நின்றாள். அவள் பை இன்னும் கதிரைக்குப் பக்கத்திலேயே இருப்பது அவருக்கு நினைவு வந்தது. கேட்டுக்கு ஓடி மூக்கையாவின் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிருங்க மச்சான். அன்னைக்குப் பல்லேகலயில நான் அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது. சிக்ஸர் இன்னும் எத்தனையோ வரும். எனக்கு மச்சான்னு நீங்க ஒருத்தர்தான்."

மூக்கையா அவரைப் பார்த்தார். விறாந்தையைப் பார்த்தார். கேமரா மறுபடியும் "உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்றது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, குடையைச் சடாரென்று விரித்துக்கொண்டு விறாந்தைக்குப் பாய்ந்தார். கறுப்புத் துணியைக் கண்ட குரங்குப் படை கூரைக்கு ஏறியது.

"பாத்தீங்களா மாப்பிள்ள, குடையால பிரயோசனம் இருக்கு. உங்க கேமராவால இருக்கா?"

"இல்ல மச்சான். இன்னைக்கே கழட்டுறேன்."

யசோதாவின் முகம் மலர்ந்தது. திருச்செல்வத்துக்கு இரண்டு வருடப் பாரம் இறங்கியது போலிருந்தது. குனிந்து கானிலிருந்து மூடியை எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் குரங்குகளுக்கு மூடியை மூடும் பழக்கம் இல்லையே!

அப்போது த்ரீவீல்காரர் ரஸீன் கேட்டுக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"மூக்கையாண்ணே, இனி புதன்கிழமையிலயும் இந்த முன் கேட்லயே எறக்கவா, இல்லாட்டி பழயபடி பின்னுக்கே கொண்டு போகவா?"

மூக்கையா குடையை மடக்குவதில் மும்முரமானார். திருச்செல்வம் கையில் மூடியோடு மனைவியைப் பார்த்தார்.

"என்னங்க பாக்குறீங்க? நான் 'வந்துச்சு'ன்னு மட்டும்தானே சொன்னேன்," என்றாள் யசோதா. "குரங்குன்னு பேர் வச்சது நீங்கதானே!"