ஒரு முழத்துக்கு மூன்று நொடி

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். விசாரித்துப் பதில் வாங்கும் பொறுமை இப்போது எனக்கு இல்லை. உங்கள் பிள்ளையைக் குறை சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனால் குறை இருக்கிறது.

என் மகளை உங்களுக்குத் தெரியும். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவுகிறவள். அவள் ஒரு மாதமாகப் போனில் எதைக் கேட்டாலும் யோசித்து யோசித்துப் பேசுகிறாள். முப்பது வருஷம் பிள்ளைகளை ஓடவிட்டு நேரம் பார்த்த உடற்பயிற்சி ஆசிரியர் நான். ஸ்டாப்வாட்ச் இன்னும் கைவசம் இருக்கிறது. "சந்தோஷமா இருக்கியாம்மா?" என்றேன். மூன்று நொடி. "இருக்கேன்ப்பா." யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று சந்தேகம் தட்டி, "உன் பேரென்ன?" என்று கேட்டேன், அதற்கும் மூன்று நொடி, சொந்தப் பேரைச் சொல்லக்கூட அந்த வீட்டில் அனுமதி வாங்க வேண்டுமா? போன வாரம் "சாப்பிட்டியா?" என்றேன், சத்தமே இல்லை, பொறுக்கமாட்டாமல் "மாப்பிள்ளை திட்டினாரா?" என்றேன், "ஆமாப்பா, இப்பதான்" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்டேன். சிரிக்கிறார். "மாமா, அது நான் வச்ச தாமதம். தூரத்துல இருக்கிறவங்களுக்கு நெட் லைன் மெதுவாத்தான் கிடைக்கும். அவங்க கையில எங்க ஆப் எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும்ல? அதுக்காக ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல ஒரு பெட்டி வச்சு, போற வர்ற தகவலையெல்லாம் பிடிச்சு நிறுத்தி அனுப்புறேன். வீட்டு வைஃபைல அவ பேசுற போனும் அது வழியாத்தான் போகுது போல, கவனிக்கல." இரண்டு கம்ப்யூட்டரும் எங்கே இருக்கின்றன என்றேன். ஒரே மேசையில், ஒரு முழ இடைவெளியில். ஒரு முழத்துக்கு மூன்று நொடியா என்றேன். "நூத்துக்கு ரெண்டு தகவல் தொலைஞ்சும் போகும் மாமா. அதையும் நாங்கதான் தொலைக்கிறோம்" என்று பெருமை வேறு. ஊரே வேகத்துக்கு அலைகிற காலத்தில் மெதுவாக்குவதற்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனியை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? புளுகினாலும் கொஞ்சம் பொருந்த வேண்டாமா? அது போகட்டும், என் மகள் பேசிய நூறு வார்த்தையில் தொலைந்த இரண்டு எவை என்று எனக்கு யார் சொல்வது? "அப்பா, வாங்க" என்பது இரண்டே வார்த்தைதான்.

ஆகவே தகப்பனார் என்ற முறையில் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அந்தப் பெட்டியை எடுக்க வைக்கவும். எடுத்துவிட்டால் என் சந்தேகம் தீர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நெடுங்காலம் ஒற்றுமையாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள்மீது எந்த வருத்தமும் இல்லாத சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது மாப்பிள்ளையே கூப்பிட்டார். பெட்டியைக் கழற்றிவிட்டாராம், பாவம், மன்னிப்பும் கேட்டார். உடனே மகளைக் கூப்பிட்டேன். பேரென்ன என்றேன், கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாப்பிட்டாயா என்றேன், உடனே பதில் வந்தது. சந்தோஷமாக இருக்கிறாயா என்றேன். ஸ்டாப்வாட்சில் நான்கு நொடி. "இருக்கேன்ப்பா" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போகிறேன். அவர்களிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.