மூன்று பேருக்கு ஒரு முன் சீட்டு

வாய் பேசாத பொம்பிளைகளால் யாருக்கும் தொந்தரவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சுத்தப் பொய். வாயாடி செய்கிற கெடுதல் அன்றைக்கே தெரிந்துவிடும், சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம். வாய் பேசாதவள் செய்கிற கெடுதல் இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே வரும். அதுவும் பகிரங்கமாக, ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால் வைத்து. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? செய்தவளே நான்தான்.

என் பெயர் அஞ்சலை. மலைநாட்டுக் கம்பளையில் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி. மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய், நம்பர் துண்டு வாங்கிக்கொண்டு, மர வாங்கில் வரிசையாக உட்கார வேண்டும். டொக்டர் நம்மைப் பார்ப்பது இரண்டு நிமிடம். நாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பது நாலு மணித்தியாலம். ஆகவே சிநேகம் பிடிக்காமல் தப்ப முடியாது.

எனக்குக் கிடைத்தவர்கள் மூன்று பேர். பாக்கியம் அக்கா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே நேரத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டிய தொண்டை, இன்னும் ஓய்வு பெறவில்லை. மர்ஜானா ராத்தா டவுனில் துணிக்கடைக்காரர் வீட்டம்மா. சிவகாமி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். இந்த மூவருக்கும் நடுவில் உட்கார்ந்து தலையாட்டுவது என் உத்தியோகம்.

ஒரு நாள் பாக்கியம் அக்காதான் ஆரம்பித்தார்.

"இப்பிடியே சீனி, பிரசர்னு பேசிப்பேசியே போய்ச் சேந்துருவோம் போல. ஒருக்காவாச்சும் நாலு பேருமா எங்கயாவது போய்ட்டு வருவோமே. ரெண்டே நாளு. புள்ளைங்க இல்லாம, பேரப்புள்ளைங்க இல்லாம, முக்கியமா சமைக்காம!"

"காலிக்குப் போவம்," என்றார் டீச்சர். "ஒல்லாந்தர் கட்டின கோட்டை இருக்கு. மதிலுக்கு மேல நடந்துகொண்டே கடலைப் பாக்கலாம்."

"காலிக் கோட்டைக்குள்ளயா?" மர்ஜானா ராத்தா வாங்கிலிருந்து எழும்பியே விட்டார். "எங்கட மச்சிட வீடே அங்கதானே ஈக்கிது! மேல் மாடில ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. நா செல்லி வெக்கிறேன்." (மச்சி என்றால் நாத்தனார்.)

கடல் என்றதும் நான் தலையாட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒரு வெட்கக்கேட்டை இங்கே சொல்லிவிடுகிறேன். சுற்றிவரக் கடல் உள்ள நாட்டில் பிறந்து, அறுபத்தேழு வயது வரை நான் கடலைப் பார்த்ததில்லை. கலண்டரில் பார்த்திருக்கிறேன். டிவியில், அதுவும் சூறாவளிச் செய்தியில் பார்த்திருக்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கடல், கடல் என்று பேசும்போது நானும் பார்த்தவள் மாதிரியே சிரித்துவைப்பேன். என் வீட்டுக்காரர் கூட்டிப்போகிறேன் என்று முப்பது வருசம் சொன்னார். பிறகு அவரும் போய்விட்டார். இனி இந்தப் பயணத்தை விட்டால் எனக்குக் கடல் இல்லை என்று அந்த வாங்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு ஏற்பாடு பண்றது?" என்று கேள்வி வந்தது.

"அஞ்சல பண்ணட்டும்," என்றார் பாக்கியம் அக்கா. "அவ ஒருத்திதான் யாரோடயும் சண்டைக்குப் போகமாட்டா."

நான் தலையாட்டினேன். (வேறென்ன தெரியும்?)

அடுத்தது, ரயில் கோச்சியா, வேனா? இந்த இடத்தில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வேன் எண்டால் வசதி," என்றார் டீச்சர் மெதுவாக. "ஓ, வேன் சொகம்," என்றார் ராத்தா. "வேன்தான், வேற என்னா?" என்றார் பாக்கியம் அக்கா. மூவரின் முகத்திலும் ஒரு வாட்டம். எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்க ஒரு வாரம் எடுத்தது.

மகன் தன் பழைய போனை எனக்குக் கொடுத்திருந்தான். அதில் எழுத்தைத் தேடி அமுக்க எனக்குப் பொறுமை இல்லை. பேசி அனுப்பலாமென்றால் என் குரலைக் கேட்க எனக்கே கூச்சம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மஞ்சள் கட்டைவிரல் படம் ஒன்றுதான். யார் எதை அனுப்பினாலும் கட்டைவிரல். பிறந்தநாளுக்கும் அதுதான். ஒரு தடவை மரண அறிவித்தலுக்கும் அனுப்பி, மருமகள் பாய்ந்து வந்து அழித்தாள்.

திங்கட்கிழமை பாக்கியம் அக்காவின் குரல் வந்தது. ரகசியம் பேசுகிறாராம், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "அஞ்சல, யாருகிட்டயும் சொல்லிறாத. எனக்கு வேன்ல போனா வாந்தி வரும். இந்த வயசுல சொன்னா சிரிப்பாளுக. முன் சீட்ட எனக்கு வச்சிரு, என்ன?"

கட்டைவிரல்.

புதன்கிழமை மர்ஜானா ராத்தா. "அஞ்சல, ஒண்டு செல்றேன், யாருக்கும் செல்ல வாணாம். எனக்குப் பின்னுக்கு இருந்தா சத்தி வார. முன் சீட்ட எனக்கு வெச்சித் தாங்க. நீங்க செல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

கட்டைவிரல். (சத்தி என்றாலும் வாந்திதான்.)

வெள்ளிக்கிழமை டீச்சர். "அஞ்சலை, உங்களிட்ட மட்டும்தான் சொல்லுறன். வளைவுப் பாதையில எனக்குச் சத்தி வாறது. நான் டீச்சர் எல்லோ, மற்றவைக்குத் தெரிஞ்சால் மரியாதை இல்லை. முன் சீட் எனக்கு, சரியோ?"

சரி இல்லை என்று சொல்ல ஒரு படம் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே அமுக்கிவிட்டு, போனை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தேன்.

ஒருத்திக்கு உண்மையைச் சொன்னால் மற்ற இருவரின் ரகசியம் உடைந்துபோகும். சொல்லாவிட்டால் ஒரு சீட்டில் மூன்று பேர் உட்கார வேண்டும். மாரியம்மனிடம் போய், இரண்டு பேருக்கு லேசாக, மிக லேசாக, ஒரு காய்ச்சல் கொடு தாயே என்று கேட்டேன். (மர்ஜானா ராத்தாவுக்கு இங்கே கேட்டால் செல்லுபடியாகுமோ என்று தெரியாததால், மற்ற இருவர் பெயரில்தான் அர்ச்சனை.) அந்த வாரம் மூன்று பேருக்கும் சீனிகூட இறங்கி, கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டடி. நான் கால் மணித்தியாலம் முந்திப் போனேன். அதற்கும் முந்தி மூன்று பேரும் வந்து, வேனின் முன் கதவைச் சுற்றி நின்றார்கள். பாக்கியம் அக்காவின் கை கதவுப் பிடியில். ராத்தாவின் பை கதவுக்கு முட்டுக்கொடுத்து. டீச்சர் குடையால் வழியை மறித்து.

"எனக்கு முழங்கால் மடக்க ஏலாது. நாந்தான் முன்னுக்கு," என்றார் அக்கா.

"மச்சிட வீடு எனக்குத்தானே தெரியும். பின்னுக்கு இருந்து எப்பிடி வழி காட்டுற?"

"றோட்டுப் பலகையில இங்கிலீசில இருந்தால் ஆர் வாசிக்கிறது?" என்றார் டீச்சர். "அதோட, அஞ்சலை எனக்குச் சம்மதம் தந்தவ."

"யாருக்கு? எனக்கு!"

"எனக்குத்தான் முதல்ல!"

மூன்று போன்கள் உயர்ந்தன. இருட்டுக்குள் மூன்று வெளிச்சம். மூன்றிலும் என் மஞ்சள் கட்டைவிரல், ஒன்று போலவே, கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. பிறகு மூன்று பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

சாரதி ரியாஸ், மடவளை ஊர்க்காரர், ராத்தாவுக்குச் சொந்தம். பொறுமை போய்க் கதவைத் திறந்து பிடித்தார். "யாரு மாமி முன்னுக்கு? சுறுக்கா ஏறுங்க, நெரிசல் வர முந்திப் போகணும்."

இப்போது நான் செய்ததற்கு இன்றுவரை காரணம் தெரியாது. அந்த ஆறு கண்களிலிருந்து தப்பி எங்கேயாவது ஒளிய வேண்டும்போல இருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு கதவு திறந்திருந்தது. ஏறினேன். உட்கார்ந்தேன். கதவைச் சாத்திப் பூட்டையும் அமுக்கிவிட்டேன்.

நாற்பது பிள்ளைகளை அதட்டிய தொண்டையே அடைத்துப்போய்விட்டது. காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாததால், மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் பின்னால் ஏறினார்கள்.

பேராதனை வரை வேனுக்குள் ஒரு சொல் இல்லை. ஆனால் வாசனை இருந்தது. முதலில் எலுமிச்சை. அப்புறம் தோடம்பழத் தோல். அப்புறம் தைலம். ஒருவருக்கொருவர் தெரியாமல் முந்தானைக்குள் வைத்து மோந்துகொண்டிருந்தார்கள். ரியாஸ் மட்டும் சந்தோசமாக, "புது சீட் கவர் எப்பிடி? நேத்துத்தான் போட்ட," என்று கேட்டார். பின்னால் ஒரு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

கடுகண்ணாவை டவுன் தாண்டி இறக்கம் தொடங்கியது. டீச்சர், மனதை வேறு பக்கம் திருப்பவோ என்னவோ, பாடம் எடுக்க ஆரம்பித்தார். "இந்தப் பாதை போடேக்க, வெள்ளைக்காரன் பாறையைக் குடைஞ்சு..."

குடைந்த கதை அத்தோடு நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. டீச்சர் தொடங்கிவைக்க, பாக்கியம் அக்கா தொடர, மர்ஜானா ராத்தா முடித்துவைத்தார். மூவரிடமும் ஆளுக்கொரு சொப்பிங் பேக் இருந்ததாம். அதில் இரண்டுக்கு ஓட்டை.

ரியாஸ் வேனை ஓரங்கட்டிவிட்டு, பின் கதவைத் திறந்து, சீட் கவரைப் பார்த்தபடி நின்றார். "யா அல்லாஹ்," என்றார்.

மூன்று பேரும் பாதையோரக் கட்டின்மேல் உட்கார்ந்து வாய் கொப்பளித்தார்கள். கொப்பளித்தபின் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒங்களுக்குமா டீச்சர்?"

"சின்ன வயசில இருந்து. உங்களுக்குமோ?"

"எனக்கு டவுன் பஸ்ஸில ஏறினாலே சத்தி," என்றார் ராத்தா.

"அப்ப கோச்சில போவோம்னு அன்னிக்கே சொல்றதுக்கு என்னா?"

"நீங்கள் சொல்லேல்லை எண்டுதானே நானும் பேசாமல் இருந்தனான்!"

நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நின்றேன். பாக்கியம் அக்காவின் பார்வை மெதுவாக என்மேல் வந்து விழுந்தது.

"அஞ்சல, ஒனக்கும் வருமா?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய்யும் ஒழுங்காக வராது எனக்கு. "எனக்கு... வந்ததே இல்லீங்கக்கா."

"வாந்தியே வராதவ முன் சீட்டுல!" அக்காவின் தொண்டை திறந்துகொண்டது. பள்ளத்தில் இருந்த குரங்குகள் ஓடின. "ஊமையாட்டம் இருந்துகிட்டு என்னா வேல பாத்துருக்கா பாருங்க! போதும்மா போதும். ரியாஸ் தம்பி, வேனத் திருப்புங்க. வீட்டுக்கே போவோம்."

"ஓம், திருப்புங்கோ."

"எனக்கும் ஏலாது. திருப்புங்க."

ரியாஸ் சாவியை எடுத்தேவிட்டார். முப்பது வருசம் சொல்லிச்சொல்லிப் போகாமல் விட்ட கடல், இன்னும் ஒரு நிமிடத்தில் மறுபடியும் கலண்டருக்குள்ளே போய்விடும்.

"நா கடலு பாத்ததில்ல!"

யார் கத்தியது என்று நானே சுற்றிப் பார்த்தேன். நான்தான்.

"அறுபத்தேழு வயசாவுதுக்கா. இன்னும் ஒருக்காகூடப் பாத்ததில்ல. பாத்த மாதிரியே நடிச்சிக்கிட்டு இருக்கேன். ஸ்டேசன் மேலதான் இருக்கு. கோச்சில போவோம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், கோச்சில போவோம்!"

மூன்று பேரும் வாயைத் துடைக்க மறந்து என்னைப் பார்த்தார்கள். முதலில் ரியாஸ்தான் பேசினார். "அந்தக்கா செல்றது நல்ல யோசன மாமி. வேனத் திருப்பி ஸ்டேசன்லயே எறக்கிவுடுறேன்." அந்த மனுசனின் குரலில் இருந்த சந்தோசத்தை என்னால் எழுதிக்காட்ட முடியாது.

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி சிரித்தால் போதுமே. பாக்கியம் அக்கா சிரித்துக்கொண்டே திட்டினார். "ஏண்டி, இத வாங்குல இருக்கும்போதே வாயத் தெறந்து சொன்னா என்னாடி?"

கோச்சியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொழும்பில் மாறி, கரையோரக் கோச்சியில் ஏறினோம். ஜன்னல் கரையில் எனக்கு இடம் கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? "முன் சீட்டுக்காரிக்கு ஜன்னல் வேறயா?" என்று அக்கா என்னை நடைபாதைப் பக்கம் தள்ளிவிட்டார். ஆகவே என் வாழ்க்கையின் முதல் கடல், அக்காவின் கொண்டைக்கும் ராத்தாவின் முக்காட்டுக்கும் இடையில் நாலு விரல் அகலத்தில் தெரிந்தது. நாலு விரலே மூச்சை அடைத்தது.

முழுக்கடலை அன்று மாலை காலிக் கோட்டை மதிலடியில் பார்த்தேன். பெரிய குளம் மாதிரி இருக்குமென்று நினைத்திருந்தேன். குளம் ஓரிடத்தில் கிடக்கும். இது, ஒரு தேயிலை மலை முழுவதும் எழும்பி நம்மைப் பார்க்க நடந்து வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. செருப்பைக் கழற்றி ராத்தாவிடம் கொடுத்துவிட்டு, சேலையோடு இடுப்பளவு இறங்கினேன். வாய்க்குள் உப்புத் தண்ணீர் போனது. நான் "ஐயோ, ஐயோ" என்று சிரித்த சிரிப்பில், குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் விலகி இடம் விட்டார்கள்.

"காணும் அஞ்சலை, வாங்கோ!" என்று டீச்சர் கரையில் நின்று கூப்பிட்டார். "மச்சி சோறாக்கி வெச்சீக்கிறா, வாங்க!" என்றார் ராத்தா. "ஏய், வாடி!" என்றார் அக்கா.

"ஏலாது!" என்று கத்தினேன். மூன்று பேரையும் கரையில் காக்கவைத்து, எனக்குப் போதும் என்று பட்டபிறகுதான் ஏறினேன்.

முடியாது என்று சொல்லும் அந்தச் சொல் ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் பிறகு நிற்காது போலிருக்கிறது. ஊருக்கு வந்த மறுவாரமே, அடுத்த பயணத்துக்கும் நானே ஏற்பாடு செய்ய வேண்டுமென்று பாக்கியம் அக்கா சேதி அனுப்பினார். கட்டைவிரலைத் தேடிய கையை இழுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனில் பேசி அனுப்பினேன். ஒரே சொல்: "ஏலாது!" கொஞ்சம் பலமாக வந்துவிட்டது.

அதை அக்கா கிளினிக் வாங்கில் வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். நம்பர் கொடுக்கிற நர்ஸ் இரண்டு தடவை கேட்டாராம். அங்கிருந்து அது எப்படியோ என் மகனிடம் போய்ச் சேர்ந்து, அவன் அதை என் அழைப்புக்கு மணியாக வைத்துவிட்டான். இப்போது நான் அவனைக் கூப்பிடுகிற நேரமெல்லாம் அவன் வேலை செய்கிற கந்தோரில், பெரிய ஐயாமார் நடுவில், அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து என் குரல் "ஏலாது! ஏலாது! ஏலாது!" என்று கத்துகிறதாம். மாற்றச் சொன்னேன். அவன் எனக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பியிருக்கிறான்.