பதினொரு வாய்ப் பூதமும் ஓர் அட்டை மறைப்பும்

மனிதர்களில் பூதம் செய்வோர் என்று ஓர் இனம் உண்டு. மந்திரவாதிகளைச் சொல்கிறேன் என்று பயந்துவிடாதீர்கள். மந்திரவாதி பரவாயில்லை, ஒரு பூதத்தோடு நிறுத்திக்கொள்வார். நான் சொல்லும் ஆசாமி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, வேலை வெட்டி உள்ள, தலை நரைக்கத் தொடங்கிய மூன்று பெரியவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, "குகைக்குள்ள ஒரே இருட்டு. ஏதோ மூச்சு விடுற சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க?" என்று அடித்தொண்டையில் கேட்பவர். ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் அந்த மூவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஆட்டம் எளிதுதான். ஒவ்வொருவரும் ஒரு தாளில் தனக்கென ஒரு வீரனையோ வீராங்கனையையோ எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஆளாகவே பேசுவார், ஓடுவார், வாள் வீசுவார். எதிரே வருகிற பூதம், பிசாசு, நெருப்புப் பல்லி எல்லாம் நம் ஆசாமி. அடி விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். பெரிய எண் என்றால் பட்டது, சின்ன எண் என்றால் தப்பியது. மற்றவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் உருட்ட வேண்டும். ஆசாமி மட்டும் தன் முன்னால் ஓர் அட்டையை மடித்து நிறுத்தி, அதன் பின்னால் உருட்டுவார். பூதத்தின் பலம் வெளியே தெரியக் கூடாதாம்.

எனக்குத் தெரிந்த ஆசாமி எதிர்வீட்டுக்காரர், லிஃப்ட் பரிசோதகர். கம்பி ஒரு நூல் தேய்ந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்தி, ஏழு மாடி ஜனங்களின் சாபத்தையும் வாங்கிக்கொண்டு, படியில் இறங்கி வருகிறவர். வாரத்தில் ஆறு நாள் யாரும் எங்கேயும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற இந்த நல்ல மனிதர், ஏழாம் நாள் எங்களை விழவைப்பதற்கென்றே பள்ளம் தோண்டுவார், பள்ளத்தில் ஈட்டி நடுவார், ஈட்டி நுனியில் விஷம் தடவுவார், விஷம் போதாதோ என்று சந்தேகப்பட்டு ஒரு தேளையும் விடுவார்.

பதினொரு வாய்ப் பூதத்துக்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது. பழைய பரிசோதனைப் படிவங்களின் பின்பக்கத்தில் அதை வரைந்தார். ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் 'அதிகபட்சம் ஆறு பேர் அல்லது 408 கிலோ' என்று பழக்கதோஷத்தில் எழுதினார். அது என்ன தின்னும், ஏன் தன் தாயோடு பேசுவதில்லை, எந்தப் பின்னங்காலில் மூட்டுவலி, எல்லாம் எழுதினார். இதையெல்லாம் யார் கேட்டார்கள்? யாருமில்லை. தன்னைத் தின்ன வருகிற பூதத்திடம் குடும்ப விவரம் விசாரிப்பவன் இன்னும் பிறக்கவில்லை. அப்படியும் திருப்தியில்லாமல், பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் தன் அக்காவுக்கு, வேலை நேரத்தில், ஃபோன் போட்டார்.

"அக்கா, கடைவாய்ப் பல்லு எட்டு வரிசை இருந்தா நல்லா மெல்ல முடியுமா?"

"யாருக்குடா?"

"ஒருத்தருக்கு."

"கூட்டிட்டு வா, டாக்டர்கிட்ட காட்டலாம்."

அந்த அக்காவும், ஆசாமியின் மைத்துனனும், நானும்தான் அந்த மூன்று பெரியவர்கள். நான்கு வருடமாக, வாரம் தவறாமல் எங்களுக்கு மிரட்டல் உண்டு. "இன்னிக்கு ஒருத்தராவது காலி." "எனக்கு இரக்கமே கிடையாது." "பகடை சொல்றதுதான், நான் யாரு?" சொல்லிவிட்டு விரல்களைச் சொடுக்குவார். எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ஆனால் நான்கு வருடத்தில் ஒருவரும் சாகவில்லை. நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நம்பினோம். அக்காவுக்குத்தான் பெருமை அதிகம். அவருடைய ஒற்றைக்கண் ஈட்டிக்காரி தப்பாத ஆபத்தில்லை. மருத்துவமனையில் ஊசியைப் பார்த்து நடுங்குகிறவர்களிடம், "நான் எத்தனை பூதத்தோட வாய்க்குள்ள போய்ட்டு வந்தவ தெரியுமா?" என்பார். வாழ்க்கையில் அவர் பீற்றிக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு, பூதம் ஈட்டிக்காரியை ஏழாவது வாயில் கவ்வியது. அவளுக்கு மிச்சமிருந்தது ஒட்டிக்கொண்டிருக்கும் உயிர். இன்னொரு கடி பட்டால் கதை முடிந்தது. ஆசாமி அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினார், குனிந்து பார்த்தார், தொண்டையைச் செருமினார். "ரெண்டு. தப்பிச்சிட்ட."

மைத்துனன் பெருமூச்சு விட்டான். தண்ணீர் எடுக்க எழுந்த அக்கா, அப்போது ஆசாமியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது இருபதுடா."

"அது வந்து... உருண்டுடுச்சு."

"எத்தனை தடவை இப்படி உருண்டிருக்கு?"

ஆசாமி பகடையை உள்ளங்கையால் மூடினார்.

"அந்தப் பாலத்துல?"

"பதினெட்டு விழுந்துச்சு."

"நெருப்புப் பல்லி?"

"அதுல நீ மூணு தடவை செத்துட்டக்கா."

"மாமா, நானு?" என்றான் மைத்துனன்.

"நீ முதல் வாரம் கதவைத் தொறந்த உடனேயே போய்ச் சேந்துட்ட."

நான் கேட்கவில்லை. சில விஷயங்கள் தெரியாமலிருப்பதே உடம்புக்கு நல்லது.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நாலு வருஷமா நான் தப்பிச்சேன், நான் தப்பிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். எல்லாம் நீ போட்ட பிச்சையா?" என்றார். ஆசாமி தலையைத் தூக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது, இருவரையும் பார்த்து.

பிறகு நடந்த வாக்குவாதம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. செத்தவர் செத்துவிட்டேன் என்கிறார், கொன்றவர் இல்லவே இல்லை என்கிறார்.

"இருபது இருபதுதான். நான் செத்தாச்சு."

"சும்மா மயக்கம்னு வச்சுக்கலாம்க்கா."

"செத்தாச்சுங்கறேன்ல."

"ஒரு கால் மட்டும் போச்சுன்னு..."

அக்கா பேனாவை எடுத்து, ஈட்டிக்காரியின் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அட்டையை மடித்துத் தன் நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பகடையைக் கையில் எடுத்தார். "நான்தான் செத்துட்டேனே, சும்மா இருக்கேன். இனிமே பூதத்துக்கு நான் உருட்டறேன். எல்லாரும் பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். பதினேழு. மைத்துனன் மூன்றாவது வாயில். பத்தொன்பது. என் கேடயம் எட்டாவது வாயில், கேடயத்தோடு என் இடது கையும். நான் நாற்காலி மேல் ஏறி நின்று, "ஓடு, ஓடு" என்று கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. உள்ளங்கை வியர்த்தது, சிரிப்பு அடங்கவில்லை. நான்கு வருடத்தில் முதல்முறையாக நாங்கள் ஒரு பூதத்தைப் பார்த்தோம். அதைச் செய்த ஆசாமியோ விரல் இடுக்கு வழியாக மட்டும் பார்த்தார்.

மறுநாள் மருத்துவமனையில் அக்கா தான் செத்த விதத்தை அபிநயத்தோடு சொன்னாராம். தப்பித்த கதைகளை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவர்கள், செத்த கதையை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர் ஒருவர், தன் முறை வந்தும் எழுந்திருக்கவில்லையாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பகடை உருட்டிப் பழக்கமில்லை, பூதம் வரையத் தெரியாது, அதனால் இந்த இனத்தில் சேர்த்தியில்லை என்ற தைரியம். இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குழந்தையோடு சதுரங்கம் ஆடும்போது, அது வெட்டுவதற்குத் தோதான கட்டத்தில் ராணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "அடடா, கவனிக்காம போய்ட்டேனே" என்று நெற்றியில் தட்டிக்கொண்டதுண்டா? குழந்தை குதித்தது, கைதட்டியது, நீங்களும் பெரிய மனதோடு தோற்றுவிட்டு எழுந்தீர்கள். ராணியை எடுப்பதற்கு முன்னால் அது ஒரு கணம் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே, அதைக் கவனித்தீர்களா?