பெண் பார்க்கப் போய் சீஸ் ஸ்ட்ரா முறுக்கிய கதை

சேலையூர்,
திங்கட்கிழமை.

அன்புத் தங்கை ஆஷாவுக்கு அண்ணன் கதிரேசன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே உன் அண்ணி கனகவல்லி நலம். நான் போன வாரத்தைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல் நலம். காரணம் கீழே வருகிறது. திருச்சியில் உன் நலத்துக்கும் மச்சானின் முழங்கால் நலத்துக்கும் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்டு, அதில் இரண்டுக்கு நீயே பதிலும் சொல்லிவிடுவாய். தாளில் அது முடியாது.

விஷயம், உன் மகன் ஷ்யாம்சுந்தருக்குப் பார்த்திருக்கும் பெண். பெண் வீட்டில் போட்டோ தரமாட்டார்களாம், வீடு கீழ்க்கட்டளை, பெண் வீட்டிலேயே ஓவன் வைத்துப் பேக்கிங் செய்து விற்கிறாள், யாரென்று சொல்லாமல் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வா அண்ணா என்று உத்தரவு போட்டாய். போன செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு தெரு நடந்ததும் ஒரு கேட்டில் பலகை தொங்கியது. வெண்ணெய் வாசனை தெருமுனை வரை வந்தது. இதுதான் வீடு என்று மணியை அடித்தேன். பெண்ணின் அப்பா வந்து, "என்ன சார் வேணும்?" என்றார். உங்கள் மகளைப் பார்க்க வேண்டும் என்றா சொல்ல முடியும்? பலகையின் முதல் வரியைப் படித்தேன். "சீஸ் ஸ்ட்ரா." ஸ்ட்ரா என்றால் இளநீரில் போட்டு உறிஞ்சுவது என்றே நினைத்திருந்ததால், "ஒண்ணு போதும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். உள்ளேயிருந்து, "அப்பா, ஓவன் கிட்ட போகாதீங்க!" என்று ஒரு குரல் கேட்டது. நல்ல குரல். அன்றைக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்பில் பாக்கெட்டைப் பிரித்தேன். விரலைவிடக் கொஞ்சம் நீளமாக, முறுக்கிவிட்ட குச்சிகள். கடித்தால் மொறுமொறுவென்று நொறுங்குகிறது. சீஸ் வாசனையும் நுனி நாக்கில் கொஞ்சம் மிளகாயும். பஸ் வருவதற்குள் பாக்கெட் காலி. உன் அண்ணிக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை, சொல்லிவிடாதே. புதன்கிழமை போனேன், அப்பாதான் வந்தார். வியாழக்கிழமை அம்மா. இரண்டு நாளும் வாங்கினேன், இரண்டு நாளும் பஸ் ஸ்டாப்பிலேயே முடித்தேன். புகார் சொன்னால்தான் செய்தவள் வெளியே வருவாள் என்று யோசித்து, வெள்ளிக்கிழமை வாங்கிய பாக்கெட்டை வாசலிலேயே பிரித்து நின்று, "உப்பு பத்தலை!" என்று சத்தம் போட்டேன்.

வந்தாள், ஆஷா. பெயர் ஜீவிதா. முழங்கையில் மைதா, புருவத்தில் மைதா. என் கையிலிருந்த பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் காதருகே ஒடித்தாள். "சத்தம் கேட்டுச்சா அங்கிள்? இதுல எந்தக் குறையும் இல்ல. மூணு நாளா பத்தின உப்பு இன்னைக்கு ஏன் பத்தலை? உங்களுக்கு பிபி இருக்கா?" இருக்கிறது என்று உளறிவிட்டேன். "அப்போ வாரத்துக்கு ஒரு பாக்கெட்தான். இனி அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க." விற்கிறவளே விற்க மாட்டேன் என்கிறாள்! முப்பத்தைந்து வருஷத்தில் உன் அண்ணிகூட என்னை இவ்வளவு சுலபமாக அடக்கியதில்லை.

வேறு வழி? மறுநாள் அவள் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். ஆறு பெண்கள், நான் ஒருவன். மாவு சூடாகக் கூடாது, வெண்ணெய் உருகிவிடும், சீக்கிரம் தேய்க்க வேண்டும் என்றாள். நான் சட்டைக்கு இஸ்திரி போடுவது போல நிதானமாகத் தேய்த்தேன். முறுக்கச் சொன்னாள்; எனக்கு வந்தது தேள் கொடுக்கு. வெந்துவிட்டதா பார்ப்போம் என்று இரண்டு தரம் ஓவன் கதவைத் திறந்தேன். மற்றவர்களுடையது பொன்னிறம், என்னுடையது ரப்பர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சூட்டைக் குறைத்து என் தட்டை மட்டும் திரும்ப உள்ளே வைத்து, "விடுங்க அங்கிள், இன்னும் பத்து நிமிஷம். ஆறினாத்தான் மொறுமொறுப்பு வரும்" என்றாள்.

மற்றவர்கள் போனதும் அவள் எதிரே உட்கார்ந்தாள். "நீங்க பாக்கெட்டைப் பாக்காம எங்க வீட்டு ஜன்னலையே பாத்தீங்க. எங்க வீட்டுலயும் வரன் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரர்தானே?"

ஆமாம் என்றேன்.

"நீங்க என்னைப் பாத்துட்டீங்க. இப்ப என் முறை. உங்க பையன் எப்படி? உண்மையைச் சொல்லணும்."

சொல்லிவிட்டேன் ஆஷா. வயது முப்பத்தொன்று, கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை, நீ கொடுக்கும் போட்டோ ஐந்து வருஷம் பழையது, அதில் இருக்கும் முடி இப்போது இல்லை, சாப்பிடும்போது போனைக் கீழே வைக்கமாட்டான். நம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் நர்ஸை விடாமல் அவனே தினமும் அவருக்கு ஷேவ் பண்ணிவிட்டான் என்றும் சொன்னேன். அவள் என் தட்டை எடுத்து, என் கோணல் ஸ்ட்ரா ஒன்றை ஒடித்துப் பார்த்தாள். சத்தம் வந்தது! "போட்டோவை மாத்தச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அவரையும் அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, பேசலாம்" என்றாள்.

ஆகவே ஒன்றும் யோசிக்காதே. இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தால் நம் எல்லோருக்கும் பிபி குறையும். சனிக்கிழமையே ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கு. மச்சானுக்கு என் வணக்கம், ஷ்யாமுக்கு என் ஆசி. பல்லுக்கும் வயிற்றுக்கும் குறைவில்லாமல் எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கதிரேசன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் இந்த வரனைச் சொன்ன தரகர் போன் செய்தார். நான் வருவதை அவர் முன்பே சொல்லிவிட்டதால் பெண் வீட்டார் செவ்வாயிலிருந்து காத்திருக்கிறார்களாம், ஏன் சார் இன்னும் போகவில்லை என்கிறார். அந்தப் பெண் பெயர் சினேகாவாம், அடுத்த தெருவாம், செய்வது சாக்லேட் கேக்காம். நீ பெயர் சொன்ன அன்று இங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நானும் சரி சரி என்றுவிட்டேன். கீழ்க்கட்டளையில் தெருவுக்கு ஒரு பெண் பேக்கிங் செய்வாள் என்று நான் கண்டேனா? உடனே ஷ்யாமைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பயல் முழுக்கக் கேட்டுக்கொண்டான். அப்புறம், "மாமா, சாக்லேட் வீட்டுக்கு நீங்க மன்னிப்புச் சொல்லிடுங்க. நான் போட்டோ எடுக்கப் போறேன்" என்கிறான். நீ கோபமாக இருந்தால் கோபத்தோடேயே ரயிலேறி வா. தெருவை நான் காட்டுகிறேன்.