கறி என்று கூப்பிட்டால் வரும்

விஞ்சு நைனாவைப் போல ஒரு வாய்ச்சவடால்காரர் ராயபுரத்தில் முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டியதால் அந்தப் பெயர். ஞானஸ்நானப் பெயரை அவர் பெண்டாட்டியே மறந்திருப்பாள். நாங்கள் அடுத்த வீடு. அவர் சாதாரணமாகப் பேசினாலே எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும்.

மகள் பிலோமினாவுக்குப் பெரம்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்தன்றே சம்பந்தியிடம் ஆரம்பித்துவிட்டார்.

"கடைக் கறி இன்னாத்துக்கு சம்பந்தி? என் கையால காளை வளர்த்துப் போடறேன். துன்னா ஒரு வாரம் கை கழுவ மாட்டே!"

சம்பந்தி ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர், சாப்பாட்டுப் பிரியர். பெரம்பூர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறே காளைக்கன்று வந்து இறங்கியது. பிலோமினா ஆசையாக அதற்கொரு பெயர் யோசித்தாள். நைனா பாய்ந்தார்.

"பேரு கீரு வெச்சே, தோலை உரிச்சுடுவேன்! பேரு வெச்சா அப்பால கத்தி வெக்க மனசு வருமா? அது கறி. அவ்ளோதான்."

அவ்வளவுதான். "கறிக்குத் தண்ணி காட்டினியா?", "கறிக்குச் சளி புட்சுகினு கீது, மிளகு அரை" என்று நாள் முழுக்க அதே பேச்சு. மழை பெய்தால் கறி வீட்டுக்குள் படுக்கும், நைனா வாசலில் நனைவார். ஷிஃப்ட் முடிந்து தெருமுனையிலிருந்து "டேய் கறி!" என்று குரல் கொடுத்தால் போதும், காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். தான் பெயர் வைத்துவிட்டது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியவில்லை.

கல்யாணம் நெருங்கியது. கசாப்புக்கடை பாய் மாட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தார்.

"கறி எங்க கீது நைனா?"

கேட்டதுதான் தாமதம், காளை துள்ளி வந்து பாயின் கையை நக்கியது. பாய் பின்வாங்கினார்.

"இன்னா நைனா, பேரு சொன்னா வருது? என்னால ஆவாது. வேற ஆளைப் பாரு."

நைனாவின் முகம் செத்துவிட்டது. காளையை வெட்டவும் மனசில்லை, சம்பந்தி முன்னால் தலைகுனியவும் முடியாது. சோறு இறங்கவில்லை மனிதருக்கு. கடைசியில் ஒரு நாள் கோயிலுக்கு ஓடி, கல்யாணத்தையே வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டு வந்தார்! வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கத்தோலிக்கர் நாங்கள் ஒருத்தரும் கறி தொடமாட்டோம், மீன் மட்டும் உண்டு. "கோயில்ல வேற நாளு கெடைக்கல சம்பந்தி" என்று கூசாமல் ஒரு பொய்.

கல்யாணத்தில் காசிமேட்டு வஞ்சிரத்தை வளைத்துக் கட்டினோம். சம்பந்தி ஏப்பம் விட்டபடி வந்து நைனாவின் தோளில் கை போட்டார்.

"இன்னிக்கு மீனு சரி. நாளைக்கு சனிக்கிழமைதானே? மறுவூட்டு விருந்துக்குக் காளையைப் போட்டுடு."

அட ஆண்டவரே! இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. ஊரையே வாயால் அடக்கிய நைனா கைகூப்பிவிட்டார்.

"சம்பந்தி, எவ்ளோ கறி வேணா வாங்கியாறேன். இத்த வுட்ரு. இதுக்குப் பேரே கறி, சம்பந்தி."

சம்பந்தி அவரையே பார்த்தார். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"அடப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எங்க வூட்ல ஒரு கெடா எத்தினியோ கிறிஸ்மஸா வெட்ட மனசு வராம நின்னுகினு கீது. நான் யார்கிட்ட சொல்றது?"

"அப்பாடா!" என்று நைனா தரையிலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எங்களுக்கும் உயிர் வந்தது. அத்தனை வருஷம் அடுத்த வீட்டில் இருந்தும், எனக்கு அந்த மனிதரை அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது.